லிஃப்ட் சொன்ன பத்தியம்

கீ... கீ... கீ...

கேட்டியா தம்பி? இதேதான். கதவைச் சாத்திக்கிட்டு சமையக்கட்டுல நின்னாலும் இந்த லிஃப்ட் சத்தம் தேடி வந்து காதுல விழும். கொஞ்சம் மெதுவா தட்டுப்பா, உள்ள எங்க வீட்டுக்காரர் தூங்குறார். பிஸ்கட் கம்பெனியில ராத்திரி வேலை. ஊருக்கெல்லாம் பகல்னா அவருக்கு அதுதான் ராத்திரி.

நீ பாட்டுக்கு வேலையைப் பாரு. நான் உன்னை வேவு பாக்க வரல. வாசப்பக்கம் காத்து வரும்னு ஸ்டூலைப் போட்டு பீன்ஸ் நறுக்கிட்டிருக்கேன். உக்காந்துதான் பேசுவேன், நின்னா மூச்சு வாங்குது. என்னது, ஆன்ட்டியா? அக்கான்னே கூப்பிடு. எனக்கு இன்னும் ஐம்பது ஆகல, உனக்கும் முன்மண்டை காலியாகுது. கோவிச்சுக்காத, சும்மா சொன்னேன்.

எவ்வளவு நாளாவா? மழைக்கு முன்னாடியே ஆரம்பிச்சது. ஏன் கம்ப்ளைண்ட் பண்ணலைன்னு கேக்குற. யாரு பண்ணுவா, சொல்லு? லிஃப்ட் கத்துதுன்னு போன் பண்ணினா, யாரு ஏறும்போது கத்துதுன்னு கேப்பாங்களா மாட்டாங்களா? நான் ஏறும்போதுன்னு எந்த வாய் சொல்லும்? குண்டா இருக்கிறவங்க வெக்கப்பட்டு சொல்லல. ஒல்லியா இருக்கிறவங்களுக்கு அது சர்டிஃபிகேட். ஏறுவாங்க, சத்தம் வராது, கண்ணாடியைப் பாத்து தலையை ஒரு கோது கோதிக்கிட்டு போவாங்க. அவங்க எதுக்கு சொல்லப் போறாங்க?

எட்டு பேர் ஏறலாம்னு உள்ள தகடு அடிச்சிருக்கு, பாத்தோமே, பாக்காம என்ன. மூணாம் மாடியில ஒரு வக்கீல் இருக்கார். அவர்தான் விளக்கம் குடுத்தார். இது பழைய லிஃப்ட், இதுல எழுதியிருக்கிறது அந்தக் காலத்து எட்டு பேர், நாம எல்லாம் தின்னு வளர்ந்த ஆளுங்க, நம்மள்ல ஒருத்தர்தான் ஏற முடியும்னு. படிச்ச மனுஷன் சொல்றார், சரியாத்தான் இருக்கும்னு எல்லாரும் தலையாட்டிட்டோம்.

சிரிக்காத. அன்னையிலேர்ந்து இந்தக் கட்டடமே பத்தியத்துல இருக்கு. கீழ்ப்படியில நின்னு மோந்து பாரு. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வாசம் வரும். முதல் மாடியில முட்டைகோஸ் சூப். பொழுது விடிஞ்சா முட்டைகோஸ், பொழுது சாஞ்சா முட்டைகோஸ். அவங்க வீட்டு ஜன்னல் திறந்தா எதிர்வீட்டுக்காரங்க ஜன்னலைச் சாத்துறாங்க. வக்கீல் வீட்டுல ஆப்பிள். அந்தப் பக்கம் இருக்கிறவங்க முகம் தெரியற அளவுக்கு மெல்லிசா சீவி, ஒரு சீவலை வாயில போட்டு, அது கரையற வரைக்கும் கேஸ் கட்டு படிப்பாராம். நாலாம் மாடி டீச்சரம்மா சர்க்கரை போடாம, மைதா போடாம, ஓட்ஸும் கேரட்டும் போட்டு கேக் பண்ணி எல்லா வீட்டுக்கும் குடுத்தாங்க. எங்க வீட்டுல அதை வச்சுதான் கதவு காத்துல அடிக்காம நிறுத்தி வச்சிருந்தோம்.

முட்டை கதை கேளு. வெள்ளைக்கரு மட்டும்தான் சாப்பிடணும்னு யாரோ கிளப்பி விட்டாங்க. எல்லா வீட்டுலயும் முட்டை அவிக்கிறாங்க, மஞ்சக்கருவைத் தோண்டி எடுக்கிறாங்க. எடுத்ததை எங்க போடறது? கீழ்வீட்டுல ஒரு நாய் இருக்கு, பாவம் அது சாப்பிடட்டும்னு ஒவ்வொருத்தரும் தனித்தனியா, யாருக்கும் தெரியாம, புண்ணியம் பண்ணியிருக்காங்க. ஒரு நாள் அந்த நாய் தனியா லிஃப்டுல ஏறி உக்காந்திருக்கு. கீ, கீ, கீ. சத்தியமா தம்பி. இப்ப அது படியேறிதான் மொட்டை மாடிக்குப் போகுது. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு ஒரு பார்வை பாக்குது பாரு, நாங்க கதவைச் சாத்திக்கிறோம்.

அப்ப உங்களை யாரு கூப்பிட்டதுன்னா, செகரெட்டரி. ஊதினா பறக்குற ஆளு. அவர்தான் வாசல்ல நின்னு எல்லாருக்கும் பாடம் எடுப்பார். மெதுவா மெல்லுங்க, தண்ணி குடிங்க, பசிச்சா வெள்ளரிக்கா கடிங்கன்னு. முந்தாநாள் அரிசி மூட்டையோட ஏறியிருக்கார், அவருக்கும் கத்திடுச்சு. மூட்டையை இறக்கி வச்சுப் பாக்கணும்னு கூடத் தோணல அவருக்கு. உடனே போனைப் போட்டு லிஃப்ட் ரிப்பேர்னுட்டார். நாங்க இத்தனை பேர் ஏறினப்ப எங்க உடம்பு ரிப்பேர், அவர் ஏறினப்ப மட்டும் லிஃப்ட் ரிப்பேர்.

எனக்கா? எனக்குக் கத்தாது. பாத்தாலே தெரியுதே, எலும்பும் தோலும். எனக்கு இப்பல்லாம் எதுவும் இறங்க மாட்டேங்குது, அதை விடு. எங்க வீட்டுக்காரருக்குத்தான் கத்துச்சு. அவரை எப்படியாவது எண்பத்தஞ்சு கிலோவுக்குக் கொண்டு வந்துடணும்னு நான் தலைகீழா நிக்கிறேன். ஏன் எண்பத்தஞ்சுன்னா, அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. சொல்றேன், இரு.

அந்த மனுஷன் யாரு சொன்னாலும் கேக்குறவர் இல்ல. எடை பாக்குற மெஷின் வாங்கி வச்சேன். ஏறி நின்னு குனிஞ்சு பாப்பார். வயிறு மறைக்கும், நம்பர் தெரியாது. நல்லாத்தான் இருக்குன்னு இறங்கிடுவார். சின்னத் தட்டுல சாப்பிட்டா கொஞ்சமா சாப்பிடுவாங்கன்னு கேள்விப்பட்டு சின்னத் தட்டு வாங்கினேன். கைக்கு ஒண்ணா ரெண்டு தட்டை நீட்டினார். கிளினிக்ல சாப்பாட்டுக்கு யோசனை சொல்ற ஒரு பொண்ணுகிட்ட கூட்டிட்டுப் போனேன். நல்ல பொண்ணு, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல எதுவும் சாப்பிடாதீங்க சார்னு சொல்லுச்சு. இவர் கேக்குறார், ஏம்மா, எனக்கு ஏழு மணிக்குத்தானே பொழுதே விடியுதுன்னு. அந்தப் பொண்ணு பேனாவைக் கீழ வச்சிடுச்சு.

அப்படிப்பட்ட ஆளை இந்த லிஃப்ட் எப்படி மாத்திச்சுன்னு கேளு. அவர் கம்பெனியில என்ன வேலைன்னு நெனைக்கிற? பாக்கெட்டெல்லாம் வரிசையா ஓடி வரும். எடை கூடின பாக்கெட் வந்தா அங்க ஒரு மெஷின் கீன்னு கத்தும். இவர் அதை எடுத்து ஓரமா போடணும். இத்தனை வருஷமா அதுதான் வேலை. மனுஷங்க பொறாமையில சொல்லுவாங்க, டாக்டர் பீஸுக்காக சொல்லுவார், பொண்டாட்டி பழக்கதோஷத்துல சொல்லுவா, மெஷினுக்கு என்ன தலையெழுத்து பொய் சொல்லன்னு கேக்குற ஆளு. அன்னைக்கு வேலைக்குக் கிளம்பி ஏறினார். கத்துச்சு. கதவு மூடல. மெல்ல இறங்கி, இதோ, இந்தச் சுவரோரமா வந்து நின்னார். யாரும் சொல்லல, தானா வந்து ஓரமா நின்னார் தம்பி. நான் சிரிச்சேன். அப்புறம் முகத்தைப் பாத்தேன், சிரிப்பு நின்னுடுச்சு.

அன்னைக்குப் படியில இறங்கிப் போனவர்தான். மறுநாள் அவரே கேக்குறார், டப்பாவுல ஏதாவது லேசா கட்டிக் குடுன்னு. விட்டேனா! நீள நீளமா வெள்ளரிக்கா, கேரட், வேகவச்ச கொண்டைக்கடலை, உப்பு போடாத சோளப்பொரி, மேல ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம். அங்க யோசிச்சுப் பாரு, கண்ணுக்கு முன்னாடி க்ரீம் பிஸ்கட் ஆறு மாதிரி ஓடுது, இவர் கரையில உக்காந்து வெள்ளரிக்கா கடிக்கிறார். கூட வேலை பாக்குறவங்க வெள்ளரின்னே பேரு வச்சிட்டாங்க. வெள்ளரி வந்துட்டாரா, வெள்ளரிக்கு லீவானு. சோளப்பொரி தின்னா தலகாணியைத் தின்ன மாதிரி இருக்குன்னார். ஓட்ஸைப் பாத்து, இதை சாப்பிடணுமா, சுவத்துல பூசணுமான்னார். ஆனா சாப்பிட்டார். தினம் கிளம்பும்போது செருப்பைக் கழட்டுவார், சாவியை என் கையில குடுப்பார், மூச்சை நல்லா வெளிய விட்டுட்டு லிஃப்டுல கால் வைப்பார். காத்துக்கும் கனம் இருக்காம். கத்தும். சரி நாளைக்குப் பாப்போம்னு படியில இறங்குவார். எனக்கு அந்தக் கீ சத்தம் கேட்டாத்தான் தம்பி அன்னைக்கு நிம்மதி.

ஆமா, இளைச்சார். பேன்ட் நிக்கல. பழைய பெல்ட்டுல ஆணியால ஓட்டை போட்டுக் குடுத்தேன்.

இப்ப நீ சொல்லு. அந்தப் பெட்டியில மினுக்குதே ஒரு நம்பர், அதுதான் எவ்வளவு கனத்துக்குக் கத்தணும்னு வைக்கிற நம்பரா? அறுநூத்துச் சொச்சம் இருக்க வேண்டியது, எவ்வளவுல நிக்குது? தொண்ணூத்தஞ்சா! அதான் பாத்தேன். போன வாரம் ஏறினார், சத்தமே வரல. கதவு மூடிக்கிச்சு. உள்ளேருந்து ஹோன்னு ஒரு கத்தல். மேல போய், கீழ போய், மறுபடி மேல வந்து, வாசல்ல நின்னு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு அப்பவே பயம், இனிமே பத்தியத்தை விட்டுடுவாரேன்னு. பயந்த மாதிரியே மறுநாள் காலையில ஓரம் போட்ட பாக்கெட் ஒரு பை நிறைய கொண்டு வந்தார். ஜெயிச்சாச்சாம். டீயில முக்கி முக்கி சாப்பிட்டார். நான் என்ன சொன்னாலும் லிஃப்டே ஒத்துக்கிச்சு, உனக்கென்னங்கிறார்.

அதனால அதை எண்பத்தஞ்சுல வச்சிட்டுப் போயிடு தம்பி.

ஏன் அப்படிப் பாக்குற? சரி பண்ண வந்தவன்கிட்ட இன்னும் கெடுத்துட்டுப் போகச் சொல்றேன், தெரியுது. குறைச்சு வச்சா யாரு உயிருக்காவது ஆபத்தா? இல்லல்ல. ஜாஸ்தி வச்சாத்தானே ஆபத்து. வக்கீலுக்கு மறுபடி கத்தும், கத்தட்டும், ஆப்பிளை இன்னும் மெல்லிசா சீவுவார். செகரெட்டரி கேட்டா பார்ட்ஸ் வரலைன்னு சொல்லு. உங்க கம்பெனி ஆளுங்க வாயில அது வராத பேச்சா?

அவர்கிட்டயே நேரா சொல்லிடலாமேன்னு கேக்குற. உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? அப்ப புரியும். அந்த மனுஷன் கவலை வந்தா சாப்பிடுற ஆளு. அவங்க அண்ணன் போனப்ப ஒரே மாசத்துல சட்டையெல்லாம் மாத்தித் தைச்சோம். நான் இதைச் சொன்னேன்னு வை, ஒரு ராத்திரியில அந்தக் கம்பெனியைப் பாதி தின்னு தீர்த்துட்டு வந்து நிப்பார். அப்புறம் நான் யாரைப் போய்க் கேப்பேன்?

எதைன்னா... எண்பத்தஞ்சு டாக்டர் சொன்ன நம்பர்தான். அவரோட டாக்டர் இல்ல, என்னோட டாக்டர். எனக்குக் கல்லீரல் போயிடுச்சுப்பா. வேற ஒருத்தர் ஒரு துண்டு குடுத்தா பொழைச்சுக்கலாமாம். குடுக்கிறவங்களுக்குத் திரும்ப வளர்ந்துடுமாம், நகம் மாதிரி. எங்க ரெண்டு பேருக்கும் ரத்தம் ஒரே வகை. இத்தனை வருஷ சண்டையில எங்களுக்குள்ள ஒத்துப்போன ஒரே விஷயம். ஆனா உடம்பு பெருத்த ஆளுக்கு உள்ளயும் கொழுப்பு படிஞ்சிருக்கும், எண்பத்தஞ்சுக்கு இறக்கிக் கூட்டிட்டு வாங்க, அப்புறம்தான் டெஸ்ட்டே, ரொம்ப நாள் தள்ளாதீங்கன்னுட்டார். இப்பவே கூட்டிட்டுப் போனா, உங்களுது வேண்டாம்னு அந்த டாக்டர் அவரை ஓரமா நிக்க வைப்பார். ஒரு லிஃப்ட் சொன்னதுக்கே அந்த முகம். என் விஷயத்துல ஒருத்தர் அப்படிச் சொல்லி அவர் நிக்கிறதை நான் பாக்க மாட்டேன். அதான், கத்தாம கதவு மூடட்டும், அன்னைக்கே சொல்லிக்கிறேன்னு இருக்கேன். குடுப்பாரான்னா கேக்குற? அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அந்த மனுஷன் ரெண்டு தட்டுல குடுப்பார்.

ஐயோ, இதுக்கு ஏன் நீ எழுந்து நிக்கிற? உக்காரு, வேலையைப் பாரு. உனக்குத்தான் கண்ணு கலங்குது, எனக்கு ஒண்ணும் இல்ல.

எந்தப் பட்டன்? இதுவா? ஒவ்வொண்ணா இறங்குதே. தொண்ணூறு. இறக்கு, இறக்கு, பயப்படாத. ம்... போதும். அங்கயே விடு.

நீ ஏறிப் பாரு. உனக்கும் கத்துதா! சரிதான் போ. வெள்ளரிக்கா இருக்கு, போகும்போது ரெண்டு எடுத்துக்க.

மெதுவா பேசு, கட்டில் சத்தம் கேக்குது, முழிச்சுக்கிட்டார் போல. நீ பெட்டியை மூடிட்டுக் கிளம்பு தம்பி. இன்னும் ஒரு பிடி பீன்ஸ் இருக்கு, நறுக்கி அடுப்புல போட்டுடறேன்.