லட்சுமியின் கன்னம்

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகும் பஸ். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். பாடப்புத்தகத்தை நாலு பேருக்குத் தெரியும்படிதான் மடியில் வைத்திருப்பேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"வீட்டுல நெய்ச்சோறு எனக்கு மட்டுந்தான்க்கா. பிள்ளைகளுக்குக் கம்பங்கஞ்சி" என்றாள் இளையவள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெற்றவள் பேசுகிற பேச்சா இது?

"வெக்கமா இல்லையாட்டி?" என்றாள் மூத்தவள்.

"எங்க வீட்டுக்காரவியதான் திங்கச் சொல்லுதாவ. என் முகத்தைப் பாத்துத்தான் காலண்டர் லட்சுமி வரையுதாவ. கன்னம் ஒட்டிப்போச்சுன்னா அச்சாபீஸ்காரரு படத்தை வாங்க மாட்டாராம். பொறவு கஞ்சியும் கிடையாது."

"கன்னத்தை அவியளே பெருசா வரைஞ்சுக்கிட வேண்டியதுதான?"

"பாக்காம வரைஞ்சா உசிரு வராதாம்."

"பிள்ளைக ஒண்ணும் சொல்லலையா?"

"சின்னவ என் தட்டையே பாத்துட்டு இருந்தா. 'நான் எப்பம்மா லட்சுமி ஆவேன்?'னு கேக்கா."



என் புத்தகத்துக்குப் பழைய காலண்டர் தாளில்தான் அட்டை போட்டிருந்தேன், படம் உள்பக்கம். மெல்லப் பிரித்துப் பார்த்தேன். லட்சுமியின் கன்னம் நெய் தடவியதுபோல மின்னியது.