நீந்தும் நாய்

நீர்வண்ணத்தில் வெள்ளை என்று தனியாக ஒரு நிறம் கிடையாது. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளைத் தொடாமல் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு அறுபத்தொரு வயதாயிற்று, ஐயா. அதற்கு முன் முப்பத்துநான்கு வருடம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தேன். அங்கே எதையாவது தொடாமல் விட்டால் மெமோ கொடுப்பார்கள்.

நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும். அதற்குத்தான் வருகிறேன். முதலிலிருந்து சொன்னால் உங்களுக்கும் எழுத வசதியாக இருக்கும்.

ஓய்வு பெற்றவர்களுக்கு இங்கே இரண்டு கதிதான். காலையில் பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடக்கலாம், இல்லாவிட்டால் நூலகத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் சேரலாம். எனக்கு முழங்கால் வலி. வகுப்பில் பன்னிரண்டு பேர், பாதிக்கு மேல் என்னைப் போல வீட்டில் இருந்தால் தொந்தரவு என்று அனுப்பப்பட்டவர்கள். டீச்சருக்கு என் மகள் வயதிருக்கும். தளர்வாக வரைவதைத்தான் அவர் சொல்லிக்கொடுத்தார். பென்சில் கோடு கூடாது. தாளை நனைத்து, அது பளபளவென்று இருக்கும்போதே நிறத்தை விட்டு, அது தானாக ஓடிப் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பரவியது மலையாக வந்தால் மலை. வராவிட்டால் மேகம் என்று சொல்லிக்கொள்ளலாம். எங்கள் பல் டாக்டர் இரண்டு வருடத்தில் நாற்பது மேகம் வரைந்திருக்கிறார்.

ஒரு விஷயத்தில் மட்டும் டீச்சர் கறார். தாளின் பளபளப்பு போவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். நடுவில் எழுந்துபோய் வந்தால் காய்ந்த இடத்தில் விளிம்பு விழுந்துவிடும். அதற்கப்புறம் அந்தப் படத்தை எதற்கும் வைத்துக்கொள்ள முடியாது. போன் அடித்தாலும் எடுக்கக் கூடாது என்பார். இதை நீங்கள் தயவுசெய்து எழுதிக்கொள்ள வேண்டும்.

எனக்கு வகுப்பில் அளவுகோல் என்று பெயர். கேட்கும்படியாகவே கூப்பிடுவார்கள். நான் ஒரு பசுமாடு வரைந்தேன், மூன்று மாதம். முடியை ஒவ்வொன்றாகப் போட்டேன். டீச்சர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "விவரம் ரொம்ப போடுறீங்க சார். கொஞ்சம் விட்டுடுங்க. பாக்கறவங்களும் ஏதாவது வேலை செய்யட்டும்" என்றார். ஆனாலும் வீட்டில் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். அது என் வீடு.

மச்சினன் வந்தது அப்புறம்தான். என் மனைவியின் தம்பி, பம்பு மெக்கானிக். நூலகத்து மாடியில் தண்ணீர் மோட்டாரைச் சரிபார்க்க வந்தவன், எங்கள் வகுப்பைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். கையில் கிரீஸ். பல் டாக்டரிடம் தூரிகையை இரவல் வாங்கினான். மூன்றே இழுப்பு. அவன் வீட்டுக் கறுப்பு நாய் தாளில் எழுந்து நின்று எங்களையெல்லாம் பார்த்தது. வகுப்பே கைதட்டியது. நானும் தட்டினேன்.

அந்த நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கும். பம்பு மெக்கானிக் வீட்டில் வளர்கிற நாய் அப்படி. அதைக் குளிப்பாட்ட மூன்று பேர் வேண்டும். குடும்பத்தில் எல்லோருக்கும் இது ஒரு நிரந்தரச் சிரிப்பு.

மச்சினன் கெட்டவன் இல்லை. அதை யார் கேட்டாலும் சொல்வேன். வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு நாள் சாப்பிட வந்தவன் என் மாட்டின் முன்னால் நின்றான். "அத்தான், ஒரு முடி குறையல. ஆனா பாடம் பண்ணி வெச்ச மாடு மாதிரி இருக்கே" என்றான். என் மனைவி சிரித்தாள். முப்பத்தாறு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் அவ்வளவு வேடிக்கையான ஆள் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம். அடுத்த வாரம் மாடு பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. அந்த ஆணியில் அவனுடைய நாய் தொங்கியது. ஆணி உறுதியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

அதற்கப்புறம் எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. உயிருள்ள ஒரு படம். ஒன்று போதும். ஆறு மாதம் முயன்றேன். குதிரை, வாத்து, ஆடு, எல்லாவற்றையும் தளர்வாகப் போட்டேன். குதிரை சோபா மாதிரி வந்தது. வாத்து எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். மச்சினன் ஒவ்வொன்றையும் பார்த்து, "பரவால்ல அத்தான், வந்துரும்" என்று ஆறுதல் சொல்வான். கிண்டலைத் தாங்கிக்கொண்ட என்னால் அந்த ஆறுதலைத் தாங்க முடியவில்லை.

இனி கல் குவாரி. வேலை நின்றுபோய், தண்ணீர் நிறைந்து, பார்க்க அழகாக இருக்கும். டீச்சர் மாதம் ஒருமுறை எங்களை அங்கே கூட்டிப்போவார். யாரும் தண்ணீர் விளிம்புக்கு இறங்கக் கூடாது என்பது அங்கே விதி. மேலே பாறையிலிருந்து கயிற்றில் கட்டிய தகர டப்பாவை விட்டு, தூரிகை கழுவத் தண்ணீர் மொண்டுகொள்வோம். அந்தக் குவாரியின் வரைபடம் என் கையால் வரைந்தது. வடக்கு விளிம்பில் முதல் படி இரண்டடி ஆழம், பாசி. அடுத்த படி அறுபத்திரண்டு அடி. அளவில் நான் தப்புச் செய்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

அன்று மச்சினனும் நாயைக் கூட்டிக்கொண்டு எங்களோடு வந்திருந்தான். மற்றவர்கள் டீச்சரோடு மறுபக்க மேட்டுக்கு மரம் வரையப் போனார்கள். நான் தண்ணீரை வரைவதாகச் சொன்னேன். மச்சினனும் போயிருக்கலாம். "அத்தான் தனியா இருப்பாரு" என்று அவனாகத்தான் நாயோடு என் பக்கத்தில் உட்கார்ந்தான். டப்பாவிலிருந்த கயிற்றை நான் அவிழ்த்து தாளை மாட்டிய என் சட்டத்தைப் பாறையோடு கட்டியிருந்தேன். காற்றுக்காக என்று அன்று உங்கள் ஸ்டேஷன் ஏட்டிடம் சொன்னேன். அவரும் எழுதிக்கொண்டார், நல்ல மனிதர்.

தாளை நனைத்து வானத்தையும் தண்ணீரையும் விட்டேன். கழுவுகிற தண்ணீர் கலங்கிவிட்டது. "மாப்ளே, கொஞ்சம் நல்ல தண்ணி கொண்டாயேன்" என்றேன். டப்பாவைப் பார்த்தான், கயிற்றைத் தேடினான். "அத அவுத்தா என் படம் விழுந்துரும்" என்றேன். சிரித்துக்கொண்டே டப்பாவோடு வடக்கு விளிம்பில் இறங்கினான். நான் தள்ளவில்லை. எங்களுக்கு நடுவில் இருபது அடி தூரம் இருந்தது.

என் தாளில் பளபளப்பு இன்னும் நான்கு நிமிடம் நிற்கும் என்று கணக்கு. அவன் முதல் தடவை மேலே வந்தபோது, "அத்தான், கயிறு" என்றான். தெளிவாகத்தான் சொன்னான். கயிறு என் இடது கைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. ஆனால் எழுந்தால் விளிம்பு விழுந்துவிடும். அதோடு, எதிரே தண்ணீரில் ஒரு கறுப்புப் புள்ளி. அதைச் சுற்றி வெளிச்சம் உடைந்து உடைந்து ஓடியது. ஆறு மாதமாக நான் எதைத் தேடினேனோ அது. தூரிகையை நனைத்து ஒரே இழுப்பு. யோசிக்கவே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக என் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

நாய் கரையில் அங்குமிங்கும் ஓடிக் குரைத்துக்கொண்டே இருந்தது. தண்ணீரில் இறங்கவில்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

தாள் காய்ந்ததும் எழுந்து டீச்சரைக் கூப்பிட்டேன். முழு மூச்சோடு கூப்பிட்டேன், எல்லோரும் அதைச் சொல்லியிருப்பார்கள்.

விபத்து என்று முடித்தீர்கள். மூன்று மாதம் கழித்து ஆண்டுக் கண்காட்சியில் அந்தப் படத்தை வைத்தார்கள். 'நீந்தும் நாய்' என்று பெயர் வைத்தது டீச்சர். பத்தடி தள்ளி நின்று பார்த்து அழுதார். "ஒரே ஒரு ஸ்ட்ரோக் சார். இப்பதான் உங்க கை தளர்ந்திருக்கு" என்றார். பல் டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அளவுகோல் என்று அன்று யாரும் கூப்பிடவில்லை. முதல் பரிசு என்று சீட்டு ஒட்டினார்கள். மச்சினன் பிரேதத்தின் தலையைத் தாங்கி உட்கார்ந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

என் மனைவி கடைசி நாள் வந்தாள். தளர்வான படத்தைத் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூக்கு தாளில் இடிக்கிற அளவுக்குப் போய் நின்றாள்.

"இது தம்பி வீட்டு நாயாங்க?"

"ஆமா."

"அது எப்பங்க தண்ணில இறங்குச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் விரலை நீட்டி எதையோ எண்ணினாள். இரண்டு தடவை எண்ணினாள். பிறகு படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு, நேராக உங்களிடம் வந்துவிட்டாள். பரிசுச் சீட்டைக்கூடப் பிரிக்கவில்லை.

அன்று காற்று இருந்ததா என்று கேட்டீர்கள். படத்திலேயே இருக்கிறது, பாருங்கள். பாறையின் நிழல் தண்ணீரில் ஒரு சுளிப்புகூட இல்லாமல் நேராக நிற்கிறது. காற்றே இல்லை. கயிறு வேண்டுமென்றேதான் அவிழ்க்கப்பட்டது. அவிழ்த்தது நான். அறுபத்திரண்டு அடி என்பதும் எனக்குத் தெரியும். அவனுக்கு நீச்சல் தெரியாது என்பதும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கறுப்பு இழுப்போடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியிருந்தால் அது என்றைக்கும் நாய்தான். ஆனால் மூன்றாம் தடவை அவன் கை மட்டும் மேலே வந்தது. நிறம் அரை ஈரமாக இருக்கும்போது நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு கிடைக்கும், பூனை மீசைக்கு டீச்சர் சொல்லிக்கொடுத்தது. பழக்கதோஷம், ஐயா. ஐந்து விரலையும் தனித்தனியாகக் கீறிவிட்டேன், கட்டை விரல் கொஞ்சம் குட்டையாக, அளவு பிசகாமல். விவரம் போடாதீர்கள் என்று டீச்சர் எத்தனை தடவை சொல்லியிருப்பார். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.