ஒரு முடியளவு உயரம்

காய்ந்த கணவாய் மீனை மெல்வதை எங்கள் ஊரார் விடப் போவதில்லை, ஐயா. அதனால் இந்தச் சொக்சோ ஊரில் பல் டாக்டர் யாரும் பட்டினி கிடந்ததில்லை.

என் அண்ணி பொக்-சுனின் பற்களும் அப்படித்தான் பாதியாகத் தேய்ந்திருந்தன. போன சூசோக் பண்டிகையன்று, முன்னோருக்குப் படைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணி கேட்டார்: "ஏன் கொழுந்தனாரே, பல்லு டாக்டர்னா அரை டாக்டர்தானே? மீதியப் படிக்க மூளை பத்தலையாக்கும்?"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். மறுவாரமே பல்லைச் சரிசெய்ய வரச் சொன்னேன்.

மற்றவர்கள் பல்லைச் சுற்றி ராவி உறை மாட்டுவார்கள். எனக்கு அந்த முரட்டு வேலை ஆகாது. தேய்ந்த இடத்தில் பல் நிறப் பிசினை வைத்து வளர்த்து, ஒளி காட்டி இறுக வைப்பேன். சொந்தப் பல் துளியும் குறையாது. கடைசியில் மை தடவிய நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்வேன். எங்கே உயரம் அதிகமோ அங்கே மை அழுத்தமாக விழும். அதைத் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும். அண்ணியின் வலது கடைவாய்ப் பல்லில் அழுத்தமாக விழுந்தது. மையை மட்டும் துடைத்தேன்.

"கச்சிதமா இருக்கு அண்ணி" என்றேன்.

ஒரு முடியளவு உயரம்தான். அண்ணிக்குத் தாடை வலித்தது, தலை வலித்தது, தூக்கம் போனது. வரும்போதெல்லாம் அந்தப் பல்லைச் சமன் செய்து, வேறொன்றை உயர்த்தி அனுப்பினேன். வீட்டிலேயே டாக்டர் இருக்க வெளியே போனால் குடும்ப மானம் போகும் என்று அவர் வேறெங்கும் போகவில்லை.

அண்ணன் என்னைத் தனியாகக் கேட்டார். "பல்லுல ஒண்ணுமில்லண்ணே. அண்ணிக்கு மூளையிலதான் ஏதோ கோளாறு" என்றேன். அவரும் நம்பிவிட்டார். அதன்பிறகு அண்ணி வலி என்றாலே வீட்டில் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கடைசியாக வந்தபோது ஆள் துரும்பாக இளைத்திருந்தார். "புடுங்கிடுங்க, உங்களக் கும்புட்டுக் கேக்குறேன்."

"நல்ல பல்லப் புடுங்குறது பாவம், அண்ணி."

வீட்டுக்குப் போய் அவரே குறடை எடுத்துக்கொண்டார். பாவம், முதலில் பிடுங்கியது தப்பான பல். உயரத்தை நான் இடப்பக்கம் மாற்றியிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? அதன்பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறார். இனி அவருக்குக் கஞ்சிதான்.

நான்தான் செய்தேன், ஐயா, வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அந்தப் பல்லைக் கொஞ்சம் வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். வேரே முறிந்திருக்கிறது, என் பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை. நீங்களே சொல்லுங்கள், இது அரை டாக்டர் செய்கிற வேலையா?