ரவுடி டாக்டர் மறித்த கதவு

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, நம் டாக்டரை, தன் அக்காவைப் பறிகொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும், நம் வார்டின் நர்ஸ் தங்கச்சியே, தோழர்களே! இந்த இரங்கல் கூட்டத்தில் நான் பேச எழுந்தது துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில்!

இரத்தப் புற்றுநோய் வார்டின் தலைமை மருத்துவரை நாம் ஏன் ‘ரவுடி டாக்டர்’ என்று கூப்பிட்டோம்? வேறு எந்த டாக்டர் நோயாளி வீட்டாரிடம் இப்படிப் பேசுவார்? “இதை மருந்துன்னு நினைக்காதீங்க, அடின்னு நினைங்க. உங்க பொண்ணு ரத்தத்துல கெட்டதையும் அடிப்பேன், நல்லதையும் அடிப்பேன். சாவு வாசல் வரைக்கும் போவா. திருப்பிக் கூட்டிட்டு வரத்தான் பார்ப்பேன். சம்மதமா?” பூசி மெழுகத் தெரியாதவர்!

சம்மதம் என்றுதான் சொன்னான் அந்தச் சிறுமியின் தகப்பன், லாரி ஓட்டுகிறவன். கடுமையான நோய், மருந்தும் கடுமை. முடி கொட்டியது. வாயெல்லாம் புண். எதிர்ப்புச் சக்தி அடியோடு போய், காய்ச்சல் கொதித்தது. “என் புள்ளைய கொல்றீங்கடா!” என்று வார்டு ஜன்னல் கண்ணாடியைக் கையால் உடைத்தான். ரத்தம் சொட்டும் கையோடு மகளைத் தூக்கிப்போக வந்தான். கதவை மறித்தது யார்? நம் டாக்டர்! “இந்தக் கையோட உள்ள போனா கிருமி தொத்தி அவ செத்துருவா. என்னை அடி, கதவைத் தொடாதே!”

அடித்தான்! மருந்துப் பை தொங்கும் இரும்புக் கம்பியைப் பிடுங்கி மண்டையில் அடித்தான். சுவரெல்லாம் ரத்தம். விழுந்த பிறகும் கதவுக்குக் குறுக்கேதான் கிடந்தார் அந்த மகராசி!

இன்று அவன் சிறையில். சிறுமிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. சோதனையில் கெட்ட அணு கண்ணில் படவில்லை. ஆனால் இப்போது நிறுத்தினால் நோய் திரும்பிவிடும். நாளை இரண்டாம் சுற்று மருந்து ஏற்றவேண்டும். வார்டில் என்ன பேச்சு? “கொலைகாரன் பொண்ணையா? தொடவே மாட்டோம்!” எனக்கு மட்டும் வயிறு எரியவில்லையா? அவர் ரத்தத்தைத் துடைத்தவள் நான்!

ஆனாலும் நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மருந்து ஏற்றுமுன் ஒருவர் பெயரையும் அளவையும் உரக்கப் படிக்க, இன்னொருவர் பையைப் பார்த்து “சரி” என்று சொல்லவேண்டும். இரண்டு குரல் இல்லாமல் ஒரு சொட்டும் இறங்காது. அந்தச் ‘சரி’ இத்தனை நாளும் நம் டாக்டருடைய குரல். நாளை, தலைமை நர்ஸாகிய நான் படிக்கப்போகிறேன். சரி சொல்ல யார் வருகிறீர்கள்? அவர் செத்தது வீண்தானா?

தங்கச்சி, உன்னைக் கேட்கவில்லை. உன்னைக் கேட்க எனக்கு வாய் வராது.

யாருமே இல்லையா? பின்வரிசை வரை பார்க்கிறேன், ஒருவரும்... முன்வரிசையில் யார் அது, கை தூக்குவது?

தங்கச்சி, நீயா?

வந்துவிடு, அம்மா. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வா.