நிறம் மட்டும் ஆர்டிஸின் விருப்பம்

கார் வாங்கும்போது நிறத்தை மனைவியிடம் விட்டுவிட வேண்டும், ஷெரிஃப் சார். வீட்டில் பாதிச் சண்டை வராது. என் ஆர்டிஸ் வெளிர்பச்சை கேட்டாள். சரி என்றேன்.

மற்றதை நான் பார்த்துக்கொண்டேன். கடைக்கார டோய்வோ அலுமினிய எஞ்சினைத்தான் புகழ்ந்தான், கனம் குறைவாம். நான் இரும்பு எஞ்சின் கேட்டேன். எங்கள் பழைய காரில் கையால் மாற்றும் கியர். இதில் பட்டனைத் தட்டினால் தானே மாறும் கியரைப் போடச் சொன்னேன்.

"வீட்ல அவங்ககிட்ட மறக்காம சொல்லிடுங்கண்ணே," என்றான். "எஞ்சினை அணைச்சுட்டா இந்த கியர் வண்டியைப் பிடிச்சு நிக்காது. சரிவுல ஹேண்ட்பிரேக் போட்டே ஆகணும்."

"சொல்லாம இருப்பேனா?" என்றேன்.

நம் டுலூத் ஊரில் குளிர்காலத்தில் யார் ஹேண்ட்பிரேக் போடுகிறார்கள்? பிரேக் கம்பி உறைந்து வண்டி நகராமல் போய்விடும். கல்யாணமான புதிதில் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். எங்கள் வீட்டில் தெருவிலிருந்து கராஜ் கதவு வரை ஒரே இறக்கம். அவள் எஞ்சினை அணைத்து, கியரிலேயே விட்டு இறங்கிப் போய்க் கதவைத் தூக்குவாள். பழைய கார் அசையாமல் நிற்கும்.

"பனி உருகினதும் ஃபார்கோவுக்கு அக்கா வீட்டுக்குப் போயிடறேன். திரும்பி வரமாட்டேன்," என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். மறுநாள்தான் நான் கார் பார்க்கப் போனேன்.

"புதுக் காரைக் காட்டி என்னை இங்கயே இருக்க வைக்கப் பாக்கறியா?" என்று சிரித்தாள்.

"ஆமா," என்றேன். நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

கார் வந்தபோது இன்னும் பனி உருகவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, "புதுசா ஏதாவது தெரிஞ்சுக்கணுமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. பழசு மாதிரியேதான்."

மளிகை வாங்கிக்கொண்டு மதியம் திரும்பினாள். நான் சமையலறை ஜன்னலில் காபியோடு நின்றேன். இறங்கிப் போய்க் கதவுக்குக் குனிந்தாள். கார் மெதுவாகத்தான் நகர்ந்தது. கண்ணாடியைத் தட்டியிருந்தால் விலகியிருப்பாள். நான் தட்டவில்லை. கடைசியில் திரும்பியவள் காரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

இனி அவள் எங்கும் போகமாட்டாள். வீட்டிலும் இல்லை. அதை நான் யோசித்திருக்கவில்லை. ராத்திரி மேசையில் இரண்டு தட்டு வைத்துவிட்டு, ஒன்றை எடுத்து உள்ளே வைக்கிறேன். இனி எனக்கு அவ்வளவுதான்.

நான்தான் கொன்றேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மனைவியை மதிக்காதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நிறத்தை அவளையேதான் தேர்ந்தெடுக்கச் சொன்னேன்.