நூற்று எண்பத்தாறு பேர் லிஸ்ட்

"ஹலோ... சொல்லுங்கக்கா, தங்கதுரைதான். ஆமாங்க, ஆமாங்க, இன்னும் வரலைங்க. உங்க வெப்சைட் மட்டுமில்ல, நான் பார்த்துக்கிற நாப்பது பேர் சைட்டும் படுத்திருச்சு. பெங்களூர்ல வாடகைக்கு எடுத்திருக்கிற பெரிய சர்வர் இருக்குதுல்ல, அதுல டிஸ்க் போயிருச்சு..."

ஓசூரில் தன் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து காலையிலிருந்து பதினோரு பேருக்கு இதையே சொல்லியிருக்கிறான். பொய்யில்லை, பாதி உண்மை. இப்போது லைனில் இருந்த, சூளகிரியில் பெண்களுக்குப் பயிற்சி மையம் நடத்தும் மாதேஸ்வரி மட்டும் அதை அப்படியே நம்பினார். அதுதான் அவனைக் குடைந்தது.

"தெரியுங்க... நூத்தி எண்பத்தாறு பொண்ணுங்க, ஃபேக்டரி வேலைக்குப் பதிஞ்ச லிஸ்ட். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள ஃபேக்டரிக்கு அனுப்பணும்... ம்... வேண்டாங்க, பெங்களூருக்கு நீங்க போன் போடாதீங்க... எனக்காகச் சண்டை போடறீங்களா? பொண்ணுங்ககிட்ட என்ன சொன்னீங்க?... தங்கதுரை மேல தப்பில்லைன்னா சொன்னீங்க... அப்படிச் சொல்லாதீங்கக்கா."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பான். இந்த நல்ல மனசுதான் அவன் மானத்தை வாங்கியது.

"இல்ல, கேளுங்க... மெஷின்தான் அவங்களோடது. அதுல இருக்கறதை பேக்கப் காப்பி எடுத்து வெக்கறது என் பொறுப்பு. தினமும் இங்க கடையில அதுக்குன்னே தனியா வெச்சிருக்கிற மெஷினுக்கு ஒரு காப்பி வரணும்... வரலைங்க. ஆயுத பூஜைக்கு அதை அணைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சேன். அன்னிக்கு ஓட்டக்கூடாதுன்னு விட்டேன்... மறுநாள் ஆன் பண்ணவே இல்லைங்க... ஆமாங்க, மூணு மாசம், உங்க பொண்ணுங்க பதிஞ்சதெல்லாம் அதுக்கப்புறந்தான்... பார்க்கல. தினமும் அது முன்னாடிதான் உக்கார்றேன், பார்க்கல."

"அக்கா... பொண்ணுங்க அங்கயே இருக்காங்களா? எத்தனை பேரு?... நானே சொல்லணுமா... சரிங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

எதற்கென்று தெரியாமல் எழுந்து நின்றுகொண்டான். காதெல்லாம் எரிந்தது.

"அம்மா... தங்கதுரை பேசறேன். உங்க பேரு, சர்டிபிகேட் எல்லாம் என்னாலதான் போச்சு, காப்பி எடுக்கற மெஷினை அணைச்சவன் திரும்ப ஆன் பண்ணாம விட்டுட்டேன். பெங்களூர்க்காரங்களைச் சொல்லாதீங்க. வந்திருக்கிற இருபது பேரும் இப்பவே அக்காகிட்ட எழுதிக் குடுங்க... மத்தவங்களா... அவங்க நம்பரும் அந்த லிஸ்ட்லதாம்மா இருந்துச்சு... யாரு? அனிதாவா? கேளு பாப்பா... அந்த மெஷினைத் திரும்ப ஆன் பண்ண எவ்வளவு நேரம் ஆகும்னு கேக்கறியா?"

குங்குமம் காய்ந்து கிடந்த அந்த மெஷினைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒரு பட்டன்தான் பாப்பா... ஹலோ... ஹலோ..."