ரட்சிப்புத் தட்டு

எனக்கு மீசை கிடையாது. நேற்று என்னை இங்கே கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்ததும் ஏட்டையா முதலில் கேட்டதே அதைத்தான். கொட்டாரத்தில் இந்த வயதில் மீசை இல்லாத ஆம்பிளை நீர் ஒருத்தர்தானா என்றார். நான் சிரித்தேன். இப்போது நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து நடந்ததை எழுதச் சொன்னதால் அதிலிருந்தே தொடங்குகிறேன், இன்ஸ்பெக்டர் சார். மீசையை எடுத்தது சத்தியபாய் அம்மாவுக்காக. அவருக்கு நான் எதுவுமே செய்யவில்லை என்று அவர் மகள் பிளஸ்ஸி புகாரில் எழுதிக் கொடுத்திருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பெயர் யேசுரத்தினம். கொட்டாரம் முக்கில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அம்மா நான் சிறுவனாக இருக்கும்போதே தவறிவிட்டாள். இதை இரக்கம் தேடிச் சொல்லவில்லை, முதல் பக்கத்தில் இதெல்லாம் எழுத வேண்டும் என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன்.

சத்தியபாய் அம்மாவுக்குக் காது கேட்காது. இளவயதில் வந்த காய்ச்சலோடு போனது. பள்ளிக்கூடம் போகாதவர், ஆகையால் எழுதிக் காட்டியும் பிரயோஜனமில்லை. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார். கணவர் தோவாளைச் சந்தையில் பூ வியாபாரம் செய்து காலமானவர். மகள் பிளஸ்ஸி டெல்லியில் நர்ஸ். மகன் ஜெபிஷ் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். போன் அவருக்கு உதவாது என்பதால் ஜெபிஷ் ஒரு லீவில் வந்தபோது கம்ப்யூட்டர் வாங்கி, கேமரா மாட்டி, ஸ்கைப்பில் எந்தப் படத்தை அமுக்க வேண்டும் என்று பழக்கிவிட்டுப் போனான். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அம்மா சேலைகூட மாற்றாமல் திரைக்கு முன்னால் உட்காருவார். மகன் முகம் வரும். அவன் உதட்டை அசைப்பான், இவர் சத்தம் போட்டுப் பதில் சொல்வார். அன்றைக்கு அந்த வீட்டில் என்ன குழம்பு என்று வயலில் நிற்பவர்களுக்கும் தெரிந்துவிடும்.

ஆரல்வாய்மொழியில் அத்தனை காற்றாலை சுற்றுகிறது, எங்கள் பக்கம் ஒரு மழைக்குக் கரண்டு நிற்காது. அப்படி ஒரு மழைநாளில் கரண்டு போவதும் வருவதுமாக இருந்ததில் அம்மாவின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அம்மா குடை பிடித்துக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டார். எனக்கு அவரைச் சபையில் பார்த்த பழக்கம் மட்டும்தான் இருந்தது.

"மக்கா, எனக்க பிள்ளைக்க மொகம் வரமாட்டேங்கு. கறுப்பா கெடக்கு. ஒண்ணு வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டர் தன்னை எழுப்பிக்கொள்வதற்கு வேண்டிய கோப்புகள் கெட்டிருந்தன. இப்படி ஆனால் அதை வெளியிலிருந்துதான் எழுப்ப வேண்டும். அதற்கென்று ஒரு சிடி உண்டு. அதற்குள்ளேயே ஒரு முழு சிஸ்டம் இருக்கும். கடையில் இன்டர்நெட்டிலிருந்து இறக்கி ஒரு காலி சிடியில் பதிந்து கொண்டுபோனேன். முதலில் சிடியைப் பார், பிறகு உன் ஹார்டு டிஸ்கைப் பார் என்று மிஷினை அமைத்துவிட்டால், அது சிடியைக் கண்டதும் அதிலிருந்தே எழுந்துவிடும். அப்புறம் உள்ளே புகுந்து கெட்டதைச் சரிசெய்யலாம்.

அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்ன தட்டு மக்கா?"

"ரெஸ்க்யூ சிடி, மாமி."

உதட்டில் அது பிடிபடவில்லை. மறுபடி சொன்னேன், அப்போதும் இல்லை. தமிழில் என்ன சொல்வது என்று யோசித்து, "ரட்சிப்பு" என்றேன். அது உடனே புரிந்தது. ஆயுசு முழுக்கப் போதகர்மாரின் உதட்டில் பார்த்த வார்த்தையல்லவா. தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஸ்தோத்திரம்" என்றார். சாயங்காலத்துக்குள் மகன் முகம் வந்துவிட்டது. அந்தத் தடவை நான் சரிசெய்தது நிஜம். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் போதகர் காணிக்கை அறிவிப்பு வாசித்தார். திருமதி சத்தியபாய், கம்ப்யூட்டர் ரட்சிக்கப்பட்டதற்காக ஸ்தோத்திரக் காணிக்கை. சபையே சிரித்தது. போதகரும் வாசித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்று பார்த்தார். வெளியே வந்ததும் ஜெபகனி அண்ணன், "ஏலே ரட்சகரே, எங்க வீட்டு மிக்சியும் பாவத்துல கெடக்கு, வந்து பாரும்" என்றார். கேலிதான். ஆனால் இத்தனை வருஷத்தில் சபைக்கு முன்னால் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை வந்தது அன்றைக்குத்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு, மிஷின் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். அம்மா மகனோடு பேசிக்கொண்டிருந்தார். கட்டன் சாயா போட்டுத் தந்துவிட்டு மறுபடி திரைப்பக்கம் திரும்பிவிட்டார். எனக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது. காது கேட்காதவர் முதுகைக் காட்டினால் அறையில் நீங்கள் இல்லை என்று அர்த்தம். இருமினேன், நாற்காலியை நகர்த்தினேன். சாயா ஆறிவிட்டது. பொறாமை என்று பிளஸ்ஸி எழுதியிருக்கிறாள். அது பெரிய வார்த்தை. நான் கவனித்தேன், அவ்வளவுதான்.

பேசி முடித்து அவர் எழுந்து சமையல்கட்டுக்குப் போனபோது என் பையிலிருந்த தட்டை எடுத்து மிஷினில் சொருகிவிட்டு, ஆஃப் செய்துவிட்டு வந்தேன். மறந்து வைத்துவிட்டேன் என்று பிளஸ்ஸியிடம் சொன்னது சரியல்ல. நான் மறக்கவில்லை.

அடுத்த முறை அம்மா பட்டனை அமுக்கியபோது மிஷின் நான் முன்பு அமைத்தபடியே முதலில் சிடியைப் பார்த்தது, அதிலிருந்து எழுந்தது. திரை வேறு மாதிரி வந்தது. உள்ளே இருக்கும் போட்டோக்களைப் பார்க்கலாம், ஆனால் ஸ்கைப் இல்லை, கேமராவும் வேலை செய்யாது. அம்மா மறுபடி குடை பிடித்துக்கொண்டு வந்தார். வெயிலுக்கு.

நான் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: உள்ளே இன்னும் சுகமாகவில்லை. இந்தத் தட்டு இருப்பதால்தான் மூச்சாவது ஓடுகிறது. இதை எடுத்தால் போட்டோவும் போய்விடும். யாரும் தொட வேண்டாம். அவர் தலையாட்டினார். மறுநாள் போனபோது அந்தப் பெட்டியின் மேல் லேஸ் வைத்த துணி ஒன்று மூடியிருந்தது. தூசி படாமல் இருக்கவாம். எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஒன்றைத்தான் அவர் துணி போட்டுக் காத்தார். இதில் என்னை மட்டும் குறை சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதங்கள் நன்றாகவே போயின. ஜெபிஷ் என் கடைக்குப் போன் செய்வான், நான் போய் அம்மாவின் முன்னால் உட்கார்ந்து அவன் சொன்னதை உதட்டால் சொல்வேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைப்பார். சாப்பிட்டு முடிகிறவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், நடுவில் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று. ஒருநாள், "உனக்க மீசை வார்த்தையை முழுங்குது மக்கா" என்றார். மறுநாளே எடுத்துவிட்டேன். மாமி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் அம்மா என்று கூப்பிட ஆரம்பித்ததும் அப்போதுதான். உதட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று போலத்தான் தெரியும். அவர் வித்தியாசம் கண்டாரா என்று நான் கேட்டதில்லை.

ஜெபிஷ் சொன்னதில் சிலவற்றை விட்டுவிட்டேன். கூட்டாளி ஒருத்தன் ஊருக்கு வருகிறான், அவனிடம் லேப்டாப் கொடுத்துவிடவா என்று கேட்டான். அம்மாவுக்கு இந்த மிஷின்தான் பழக்கம், இன்னும் கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றேன். என் கடை மிஷினில் அம்மாவைக் காட்ட முடியுமா என்று கேட்டான், கேமரா கிடையாது என்றேன். நாகர்கோவிலிலிருந்து வேறு ஆளை அனுப்பட்டுமா என்றும் கேட்டான். இதை மட்டும் அம்மாவிடம் சொன்னேன்.

"நீ இருக்கச்ச வேற ஆளு எதுக்கு மக்கா?" என்றார்.

அதை அப்படியே, ஒரு வார்த்தை மாற்றாமல், ஜெபிஷிடம் சொன்னேன். மற்றபடி அவன் நல்ல பையன். என்னை நம்பினான்.

ஒருநாள் அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. நெஞ்சில் வால்வு கெட்டிருக்கிறதாம், ஆப்பரேஷன் செய்ய வேண்டுமாம். பிளஸ்ஸிக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றான்.

"அண்ணே, உள்ள போறதுக்கு முன்னால அம்மையை ஒருக்கா பாக்கணும். ஒண்ணும் சொல்ல மாட்டேன். சும்மா பாத்தா போதும். எப்படியாவது சரியாக்கித் தருவியளா?"

பார்க்கலாம் என்றேன்.

அன்றைக்கே போனேன். சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. லேஸ் துணியை எடுத்து மடித்து வைத்தேன். தட்டு வெளியே வரும் பொத்தான் மேல் விரலையும் வைத்தேன். அப்போது அம்மா பழம்பொரி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, என் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

"ஜெபிஷ் என்ன சொன்னான்?"

"சொகமா இருக்கான்மா."

"பின்ன எதுக்கு உனக்க மொகம் வாடிக் கெடக்கு?"

என் முகம் வாடியிருப்பதைக் கண்டு கேட்க இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது சார். அமுக்கினால் தட்டு வரும். வந்தால் மிஷின் எழும். மகன் முகம் வரும், அம்மா திரும்பிவிடுவார், எனக்கு முதுகு. தட்டுதான் இத்தனை நாளும் வழியை மறித்துக்கொண்டு இருந்தது என்பதும் தெரிந்துவிடும். அது அவருக்குத் தாங்காது என்று நினைத்தேன். ரட்சிப்பு என்று அவர் அத்தனை நம்பிக்கை வைத்திருந்தார். ஆப்பரேஷன் முடிந்து அவன் தேறி வரட்டும், அப்போது நிதானமாக எடுத்துவிடலாம் என்று தீர்மானித்து, துணியைத் திரும்பவும் மூடினேன். பழம்பொரி நன்றாக இருந்தது.

ஜெபிஷிடம் ஹார்டு டிஸ்க் முழுவதும் போய்விட்டது என்று சொன்னேன். "பரவாயில்ல அண்ணே, அம்மைகிட்ட நான் சிரிச்சேன்னு சொல்லுங்கோ" என்றான். சொன்னேன். அதில் ஒன்றும் விடவில்லை.

ஆப்பரேஷனுக்குக் கொடுத்த மயக்கம் அவனுக்குத் தெளியவே இல்லை. மஸ்கட்டிலிருந்து சவப்பெட்டி வந்தது. கல்லறைத் தோட்டத்தில் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அம்மா பெட்டியைப் பார்க்கவில்லை, போதகரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் அடிக்கடி குனிந்து புத்தகத்தைப் பார்த்ததால் அவருக்குப் பாதிதான் கிடைத்தது. மீதியை நான் சொன்னேன்.

முந்தாநாள்தான் பிளஸ்ஸி அதைத் தொட்டது. நினைவுக் கூட்டத்துக்குப் பேனர் அடிக்க அண்ணன் போட்டோ வேண்டும் என்று ஸ்டுடியோக்காரர் கேட்டாராம். போட்டோக்களை ஒரு சிடியில் ஏற்றலாம் என்று பொத்தானை அமுக்கி, உள்ளே இருந்த தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. மிஷினை அணைத்துத் திரும்பப் போட்டாள். நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பழைய திரை நல்லபடியாக வந்தது. ஸ்கைப் தானே திறந்தது. ஜெபிஷ் கூப்பிட்ட அழைப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. மிஷின் சரியாகிவிட்டதோ என்று அவன் தினமும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். கடைசி அழைப்பு, ஆப்பரேஷனுக்கு அவனை உள்ளே கொண்டுபோன அன்று காலையில்.

பிளஸ்ஸி படித்த பெண். தட்டைப் போட்டுப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இதை எடுத்தா போதுமா இருந்துச்சா, அண்ணே? இவ்வளவுதானா?"

ஆமாம் என்றேன். கேட்டதற்குப் பொய் சொல்லவில்லை. மறந்து வைத்தது என்று சொன்னது அதற்கு அப்புறம்தான், அவள் கத்த ஆரம்பித்த பிறகு. கம்ப்யூட்டர் முதல் தடவைக்குப் பிறகு ஒருநாளும் கெட்டுப்போகவில்லை. அம்மா அவன் முகத்தைப் பார்க்காமல் இருந்ததற்கும், அவன் அம்மாவைப் பார்க்காமல் போனதற்கும் நான் வைத்த தட்டுதான் காரணம். இதை எந்தப் பிரிவில் எழுதுவது என்று நீங்களும் ஏட்டையாவும் காலையிலிருந்து யோசிப்பது எனக்குத் தெரிகிறது. திருட்டு இல்லை, அடிதடி இல்லை. உங்கள் வசதிப்படி எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

பிளஸ்ஸி அம்மாவிடம் சொல்லத்தான் போனாள். ஆனால் வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதாள். வாயைப் பொத்தினால் அம்மாவுக்கு என்ன தெரியும்? அவர் மகளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"என்னவாம் மக்கா? எதுக்கு இப்பிடி அழுதா?"

"தட்டு தேஞ்சு போச்சாம்மா," என்றேன், நிறுத்தி, தெளிவாக. "வேற ஒண்ணு கொண்டுவாறேன்."

அவருக்குப் புரிந்தது. தலையாட்டினார். மகளின் முதுகைத் தடவிக்கொடுத்து, "ரட்சிப்புத் தட்டுதான? யேசுரத்தினம் கொண்டுவருவான், கரையாத மக்கா, அழாத" என்றார்.

பிளஸ்ஸிக்கு இன்னும் சொல்ல வாய் வரவில்லை என்றும், அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல நாளைக்கு நீங்களே போகப்போவதாகவும் ஏட்டையா சொன்னார். தப்பாக நினைக்க வேண்டாம் சார், உங்கள் மீசை பெரியது. நீங்கள் சொல்வது அவருக்கு ஒன்றும் பிடிபடாது. என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் சொல்லச் சொல்ல நான் அவருக்குச் சொல்லிவிடுகிறேன்.